குழந்தையின் நாடி

மனிதனுடைய இருதயம் நிமிஷத்துக்கு 72 தடவை துடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நம்மில் அநேகருக்கு இன்னும் மறக்கவில்லை. மற்றப் பாடங்களெல்லாம் மறந்து போனாலும், இந்த ஓர் எண் மட்டும் பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல மனத்தில் தங்கி விட்டது. அந்த எண்ணில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் "வயது வந்த மனிதனுடைய இருதயம்" என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டு வார்த்தைகள் விட்டுப் போனதனால் நம் வீடுகளில் உண்டாகும் குழப்பம் கொஞ்சமல்ல.

ஒரு வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை மடியில் படுத்திருக்கிறது. தாய் தற்செயலாக அதன் மார்பில் கையை வைக்கிறாள். படபடவென்று அடித்துக் கொள்கிறது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறாள்: 115! வீடு முழுவதும் கலவரம். தாத்தாவுக்குச் செய்தி போகிறது. இரவெல்லாம் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. குழந்தை மட்டும் சுகமாகத் தூங்குகிறது. ஏனெனில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

இன்னொரு வீட்டில் ஐந்து வயதுச் சிறுவனுக்கு நாலு நாளாக ஜுரம். அன்று காலை உடம்பு குளிர்ந்து விட்டது. "ஜுரம் விட்டு விட்டது" என்று எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். சிறுவன் துவண்டு படுத்திருக்கிறான். கையும் காலும் சில்லிட்டிருக்கின்றன. நாடியோ 150 தடவை ஓடுகிறது. அதை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் வீட்டில் இருப்பது வீண் பயம். இரண்டாவது வீட்டில் இருப்பது வீண் தைரியம். இவ்விரண்டில் பின்னதே பெரிய ஆபத்து. இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றுதான்: குழந்தை சுகமாக இருக்கும்போது அதன் நாடி எவ்வளவு என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு வேண்டியவை இரண்டு விரல்களும், விநாடி முள் உள்ள ஒரு கடிகாரமுமே.

சிறு தோண்டியும் பெரிய வாளியும்

குழந்தையின் இருதயம் ஏன் வேகமாகத் துடிக்கிறது? கிணற்றில் நீர் இறைக்கும் இருவரை நினைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் கையில் பெரிய வாளி. அவர் நிதானமாக இறைத்தால் போதும். மற்றவர் கையில் சிறு தோண்டி. அவர் ஓயாமல் இறைத்தால்தான் தொட்டி நிரம்பும்.

வயது வந்தவரின் இருதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். பிறந்த குழந்தையின் எடை 3 கிலோ என்று வைத்துக் கொள்வோம். அதன் உடலில் உள்ள ரத்தம் மொத்தமே கால் லிட்டர்தான். ஒரு துடிப்புக்கு அதன் இருதயம் தள்ளுவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் அதன் தேவை சிறிதல்ல. வளர வேண்டும்; உடற்சூட்டைக் காத்துக் கொள்ள வேண்டும். எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் ரத்தவோட்டம் அதற்கு வேண்டியிருக்கிறது. தோண்டி சிறிது, தேவையோ பெரிது. ஆகையால் நிமிஷத்துக்கு 130, 140 தடவை இறைக்கிறது.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. சிசுவின் இருதயச் சுவர் பெரியவர்களுடையதைப் போல நன்றாக விரிந்து கொடுப்பதில்லை. அவசரம் நேரும்போது அது தன் தோண்டியைப் பெரிதாக்கிக் கொள்ள முடியாது. வேகத்தைத்தான் கூட்ட முடியும். இந்த விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

துடிப்பின் தாளத்தை நிர்ணயிப்பது இருதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு தசைத் திரள். இதை ஆர்தர் கீத் என்னும் உடற்கூற்று நிபுணரும், மார்ட்டின் பிளாக் என்ற மருத்துவ மாணவரும் 1907-இல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். அந்தத் திரளுக்கு இரண்டு வகை நரம்புகள் வந்து சேருகின்றன. ஒன்று கடிவாளம், துடிப்பை அடக்குகிறது. மற்றது தார்க்குச்சி, துரிதப்படுத்துகிறது. குழந்தை வளர வளரக் கடிவாளம் வலுப் பெறுகிறது, இருதயமும் பெரிதாகிறது. நாடி படிப்படியாக இறங்கி, பதினைந்து வயதுக்குள் பெரியவர்களின் அளவை நெருங்கி விடுகிறது.

பழைய நூலும் புதிய கணக்கும்

வயதுக்குத் தக்கபடி நாடி மாறும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் எகிப்து தேசத்து அலெக்ஸாண்டிரியா நகரத்தில் ஹெரோபிலஸ் என்ற கிரேக்க வைத்தியர் இருந்தார். அவர் நீர்க் கடிகாரம் ஒன்றை நோயாளியின் வீட்டுக்கே எடுத்துச் சென்று நாடியை அளந்தாரென்றும், நோயாளியின் வயதுக்கு ஏற்றபடி அதன் அளவை மாற்றி அமைத்துக் கொண்டாரென்றும் பண்டைய மருத்துவ நூல் ஒன்று கூறுகிறது. 1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸர் ஜான் பிளாயர் என்ற டாக்டர், சரியாக ஒரு நிமிஷம் ஓடி நிற்கும் கடிகாரம் செய்வித்து, நாடியை எண்ணும் முறையைப் பற்றிப் புஸ்தகமும் எழுதினார். மூன்று விரல்களால் வாத, பித்த, கபங்களை அறியும் நம் நாட்டுச் சித்த வைத்தியரின் நாடி பரீட்சை ஒரு தனிக் கலை. குருமுகமாய்ப் பயில வேண்டியது. நாம் இங்கே பேசுவது எண்ணிக்கை ஒன்றைப் பற்றித்தான்.

2011-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், முன்பு வெளியான 69 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து, சுமார் 1,43,000 குழந்தைகளின் துடிப்பைக் கணக்கிட்டு லான்ஸெட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். பிறந்தவுடன் நடுத்தர அளவு 127; ஒரு மாதத்தில் அது 145-க்கு ஏறுகிறது; இரண்டு வயதில் 113-க்கு இறங்குகிறது. நம் முதல் வீட்டுத் தாய் எண்ணிய 115 எவ்வளவு சாதாரணமான எண் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

குழந்தை வைத்தியத்தில் பயிற்சி பெறுவோர் கையாளும் எல்லைகள் வருமாறு:

பிறந்து ஒரு மாதம் வரை: விழித்திருக்கையில் 100 முதல் 205, தூக்கத்தில் 90 முதல் 160.

ஒரு மாதம் முதல் ஒரு வயது வரை: விழித்திருக்கையில் 100 முதல் 180, தூக்கத்தில் 90 முதல் 160.

1, 2 வயது: விழித்திருக்கையில் 98 முதல் 140; தூக்கத்தில் 80 முதல் 120.

3 முதல் 5 வயது: விழித்திருக்கையில் 80 முதல் 120, தூக்கத்தில் 65 முதல் 100.

6 முதல் 11 வயது: விழித்திருக்கையில் 75 முதல் 118, தூக்கத்தில் 58 முதல் 90.

12 முதல் 15 வயது: விழித்திருக்கையில் 60 முதல் 100, தூக்கத்தில் 50 முதல் 90.

இந்த எல்லைகள் மதிற்சுவர் அல்ல. வயலுக்கு நடுவே போகும் வரப்பு என்று நினைத்துக் கொள்ளுங்கள். ஓர் எண் வரப்பைச் சற்றுத் தாண்டி விட்டதனால் மட்டும் குழந்தைக்கு நோய் என்று ஆகி விடாது. வரப்புக்குள் இருப்பதனால் மட்டும் நோய் இல்லை என்றும் ஆகாது. எண்ணோடு குழந்தையின் முகத்தையும் பார்க்க வேண்டும்.

எண்ணும் முறை

முதலில் குழந்தை ஓய்வாக இருக்க வேண்டும். விளையாடி விட்டு வந்தவுடனும், அழுகைக்குப் பிறகும், வயிறு நிறைய உண்டவுடனும் எண்ணுவது ஓய்வு நாடி ஆகாது. காலையில் கண் விழித்துப் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் எண்ணுவது மிகவும் உத்தமம். இல்லாவிட்டால் ஐந்து, பத்து நிமிஷம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும். "உன் நாடியைப் பார்க்கப் போகிறேன், அசையாதே" என்று மிரட்டினால் அப்போதே பத்துத் துடிப்புக் கூடிவிடும். ஒரு கதை சொன்னால் போதும். கதையைப் பாட்டி சொல்லட்டும். எண்ணுவதை அம்மா செய்யட்டும். இரண்டையும் ஒருவரே செய்யப் புகுந்தால் கதையும் கெடும், கணக்கும் கெடும்.

ஒரு வயதுக்கு உட்பட்ட சிசுவுக்கு மணிக்கட்டில் நாடி அகப்படுவது கடினம். முழங்கைக்கும் தோளுக்கும் நடுவே, புஜத்தின் உட்புறத்தில் இரண்டு விரல்களை மெல்ல வைத்தால் துடிப்புத் தெரியும். அல்லது இடது மார்பின் மேல் உள்ளங்கையை வைத்தோ, காதை வைத்தோ எண்ணலாம்.

பெரிய குழந்தைகளுக்கு மணிக்கட்டில், கட்டை விரல் பக்கமாக, ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் வைக்க வேண்டும். உங்கள் கட்டை விரலை உபயோகிக்கக் கூடாது. அதிலேயே ஒரு துடிப்பு உண்டாகையால், குழந்தையின் நாடியை எண்ணுவதாக நினைத்து உங்கள் நாடியையே எண்ணிக் கொண்டிருப்பீர்கள். அழுத்திப் பிடிக்கவும் கூடாது. அழுத்தினால் துடிப்பு மறைந்து போகும்.

முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுவதே சரி. பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது அவசரக்காரர் வழி. அதில் ஒரு துடிப்புத் தவறினால் விடையில் நாலு தவறும். இரண்டு மூன்று நாட்கள் இப்படி எண்ணிப் பார்த்து, குழந்தையின் தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் தேதியோடு எழுதி வைத்து விடுங்கள். விழித்திருக்கையில் ஓர் எண். தூங்குகையில் ஓர் எண். ஆண்டுக்கு ஒரு முறை, பிறந்த நாளையொட்டி, இதைப் புதுப்பித்தால் போதும்.

2020-இல் கொரோனா நோய் பரவிய பிறகு விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கருவி அநேக வீடுகளில் இருக்கிறது. அது நல்ல கருவிதான். ஆனால் பெரியவர்களுக்காகச் செய்த கருவி சிறு குழந்தையின் விரலில் சரியாகப் பொருந்தாது. குழந்தை அசைந்தாலும், விரல் குளிர்ந்திருந்தாலும், நகத்தில் பூச்சு இருந்தாலும் தவறான எண்ணைக் காட்டும். விபரீதமான எண் ஏதாவது தெரிந்தால் உடனே பதறாமல் விரல்களால் ஒரு முறை எண்ணிப் பார்த்து விடுங்கள்.

வகுப்பில் ஒரு பரீட்சை

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரத்தவோட்டப் பாடம் நடத்தும்போது, அவரவர் நாடியை அவரவரே எண்ணச் செய்வது என் வழக்கம். உட்கார்ந்தபடி ஒரு முறை எண்ணுவார்கள். மைதானத்தை ஒரு சுற்று ஓடி வந்து மறுபடி எண்ணுவார்கள். 80 இருந்தது 150 ஆகி விடும். பிறகு நிமிஷந்தோறும் எண்ணினால், பள்ளத்தில் இறங்கும் வண்டியைப் போல அது சரசரவென்று கீழே வரும். தினந்தோறும் பந்தாடும் பிள்ளைகளுக்கு ஓய்வு நாடியும் குறைவு; ஓடிய பிறகு இறங்குவதும் துரிதம். 60-ஐ ஒட்டிய எண்ணைக் கண்டு அவர்களில் ஒருவன் பயந்து போவதும் உண்டு. பழக்கப்பட்ட இருதயம் தோண்டியைப் பெரிதாக்கிக் கொண்டது என்று சொன்னால் பயம் பெருமையாக மாறி விடும்.

ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை, "ஸார், மூச்சை உள்ளே இழுத்தால் வேகமாகிறது, வெளியே விட்டால் மெதுவாகிறது. எனக்கு ஏதாவது கோளாறா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. கோளாறே அல்ல. மூச்சோடு சேர்ந்து தாளம் இப்படிச் சற்று ஏறி இறங்குவது குழந்தைகளுக்கும் இளைஞருக்கும் இயற்கை. கடிவாள நரம்பு நன்றாக வேலை செய்வதற்கு அது அடையாளம். இதை அறியாமல் "நாடி தாறுமாறாக ஓடுகிறது" என்று பயப்படும் பெற்றோர் பலர்.

வேகத்துக்குப் பல காரணங்கள்

அழுகை, பயம், வலி, வெயில் எல்லாம் நாடியை ஏற்றும். ஜுரமும் ஏற்றும். உடற்சூடு ஒரு சென்டிகிரேடு டிகிரி, அதாவது ஏறக்குறைய இரண்டு பாரன்ஹீட் டிகிரி கூடினால், துடிப்பு நிமிஷத்துக்குச் சுமார் பத்துக் கூடும். மூச்சிரைப்புக்காக உறிஞ்சும் ஸால்ப்யூட்டமால் மருந்தும், சில ஜலதோஷ மருந்துகளும் துடிப்பைக் கூட்டுவது உண்டு. டாக்டரிடம் போகும்போது கொடுத்த மருந்துகளின் பெயரையும் சொல்ல வேண்டும்.

மற்றொரு காரணம் ரத்த சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு ரத்த சோகை இருந்தது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குறைந்தால், இருதயம் அதே வேலைக்கு அதிகத் தடவை இறைக்க வேண்டியிருக்கிறது. ஓய்விலும் தூக்கத்திலும் பல நாளாக நாடி மிகுந்திருந்து, குழந்தை வெளுத்தும் சோர்ந்தும் காணப்பட்டால், ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது அவசியம்.

தூக்கத்தில் எண்ணுவதன் உபயோகம் இங்கேதான் தெரிகிறது. பயத்தாலும் பரபரப்பாலும் ஏறிய நாடி, குழந்தை தூங்கியவுடன் இறங்கி விடும். நோயினால் ஏறிய நாடி தூக்கத்திலும் இறங்காமல் நிற்கும்.

தாமதிக்கக் கூடாத தருணங்கள்

சிசுவின் இருதயம் அவசரத்தில் வேகத்தைத்தான் கூட்ட முடியும் என்று முன்னே பார்த்தோம். சற்றுப் பெரிய குழந்தைகளும் இவ்விஷயத்தில் பெரும்பாலும் வேகத்தையே நம்பி இருக்கிறார்கள். வயிற்றுப் போக்கினாலோ வாந்தியினாலோ உடலில் நீர் வற்றும்போது முதலில் நாடி ஏறுகிறது. ரத்த அழுத்தம் வெகு நேரம் வரையில் குறையாமல் நிற்கும். குறையும்போது நிலைமை முற்றியிருக்கும். ஆகையால் ஏறும் நாடியே முதல் மணியோசை. நாக்கு உலர்ந்து, சிறுநீர் குறைந்து, கண்கள் குழிந்து, நாடி வழக்கத்தைவிட மிகுந்திருந்தால், உப்புச் சர்க்கரைக் கரைசலை விடாமல் கொடுத்துக் கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

டெங்கு ஜுரத்தைப் பற்றி இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். அந்த நோயில் ஆபத்து வருவது ஜுரம் உச்சத்தில் இருக்கும்போது அல்ல. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் தணியும் சமயத்தில்தான். அந்த ஒன்றிரண்டு நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வெளியேறக் கூடும். 103 டிகிரி ஜுரத்தில் 130 ஆக இருந்த நாடி, 99-க்கு வந்த பிறகு 110-ஐ ஒட்டி இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ, மேலே ஏறினாலோ, நூல் போல மெலிந்து போனாலோ, கை கால்கள் சில்லிட்டாலோ, அது குணமல்ல. பெரிய ஆபத்தின் அறிகுறி. விரல் நுனியைச் சற்று அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். தாமதமானால் அதுவும் ஓர் அடையாளம். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் போதும். ரத்தத் தட்டுகளின் எண்ணிக்கைத் தாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு உடனே புறப்படுங்கள். நம் இரண்டாவது வீட்டுச் சிறுவன் இப்படிப்பட்ட வாசலில்தான் நின்று கொண்டிருக்கிறான்.

வேறொரு வகை வேகமும் உண்டு. விளக்கின் விசையைப் போட்டாற் போலத் திடீரென்று தொடங்கி, திடீரென்று நிற்கும். சிசுவுக்கு 220-க்கு மேலும், பெரிய குழந்தைக்கு 180-க்கு மேலும் ஓடும். விரலால் எண்ணவே முடியாது. சிசு பால் குடிக்க மறுக்கும், வெளுக்கும், மூச்சு வாங்கும். பெரிய குழந்தை "மார்பில் குதிரை ஓடுகிறது" என்று சொல்லும். இது இருதயத்தின் மின்னோட்டப் பாதையில் உண்டாகும் கோளாறு. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆனால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஓடும்போதோ விளையாடும்போதோ மூர்ச்சை போட்டு விழும் குழந்தையையும், வேலை செய்யும்போது மார்பு வலிக்கிறது என்று சொல்லும் குழந்தையையும், இள வயதில் திடீர் மரணம் நேர்ந்த குடும்பத்துக் குழந்தையையும், நாடி எப்படி இருந்தாலும், டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும். கடைசியாக ஒன்று. மிகவும் நோயுற்று மூச்சுத் திணறும் குழந்தையின் வேகமான நாடி திடீரென்று மந்தமானால், "நல்ல வேளை, அடங்கி விட்டது" என்று எண்ணக் கூடாது. அது இருதயம் களைத்துப் போனதன் அடையாளம். ஒரு நிமிஷமும் வீணாக்கக் கூடாத சமயம்.

இவ்வளவும் சொன்னதனால் தினந்தோறும் குழந்தையின் கையைப் பிடித்துக் கொண்டு கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதல்ல. அப்படிச் செய்தால் குழந்தைக்கும் தன் உடம்பைப் பற்றி வீண் அச்சம் பிடித்து விடும். ஓடியாடிச் சிரித்து, பசித்துச் சாப்பிட்டு, அயர்ந்து தூங்கும் குழந்தையின் நாடியை ஆண்டுக்கு ஒரு தரம் எண்ணினால் போதும். ஆனால் அந்த ஒரு தரம் அவசியம் எண்ண வேண்டும். நடு இரவில் குழந்தையைத் தூக்கிக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, "சாதாரணமாக இவனுக்குத் தூக்கத்தில் 85 இருக்கும், இப்போது 140 இருக்கிறது" என்று ஒரு தாய் சொல்ல முடியுமானால், டாக்டருக்கு அதைவிட நல்ல துணை வேறு கிடையாது. அந்தக் குழந்தையை முன்பின் பார்த்திராத அவருக்கு அந்த 85 தெரியாது. அதை அறிந்திருக்கக் கூடியவர்கள் வீட்டில் இருப்பவர்களே.